கூலியில் எதைக் கழிப்பது? – அமெரிக்க ஏழைக் குடும்பங்களின் மருத்துவ உதவி வரலாறு



சம்பள நாளில் நம் கைக்கு வரும் சீட்டில் இரண்டு தொகைகள் இருக்கும். மாதம் முழுவதும் பாடுபட்டு ஈட்டிய தொகை ஒன்று. ஊழியர் சேமநிதி, சொக்சோ முதலிய பிடித்தங்கள் போக மிஞ்சும் தொகை மற்றொன்று. 'சம்பளம் எவ்வளவு?' என்று யாராவது கேட்டால், இந்த இரண்டில் எதைச் சொல்வது என்று நாம் சற்றே யோசிக்கிறோம். கேட்பவர் அண்டை வீட்டுக்காரராக இருந்தால் எதைச் சொன்னாலும் நட்டமில்லை. கேட்பது ஓர் அரசாங்கமாக இருந்து, 'உங்கள் வருமானம் இந்த அளவுக்கு மேல் போனால் இலவச மருத்துவ உதவி கிடையாது' என்றும் சொன்னால் என்ன செய்வது? எந்தத் தொகையை வருமானம் என்று கொள்வது? வேலைக்குப் போய்வரும் பேருந்துச் செலவைக் கழிக்கலாமா? பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்கும் பணத்தைக் கழிக்கலாமா? ஆஸ்பத்திரியில் பட்ட கடனைக் கழிக்கலாமா?

சிறிய கேள்விகள்போலத் தோன்றும். ஆனால் ஒரு குடும்பத்துக்கு மருந்து கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் இந்தக் கழித்தல் கணக்கைப் பொறுத்தே அமைந்துவிடுவதுண்டு. இதற்குத் தெளிவான சான்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாற்றில் இருக்கிறது. அந்நாடு செல்வம் மிகுந்த நாடு. இருந்தும், எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவான அரசாங்க மருத்துவம் அங்கே இல்லை. வயது முதிர்ந்தவர்களுக்கு ஒரு திட்டம், ஏழைகளுக்கு ஒரு திட்டம், மற்றவர்களுக்கு முதலாளி கொடுக்கும் காப்புறுதி அல்லது சொந்தச் செலவு என்று பிரிந்து கிடக்கிறது. ஆகவே 'யார் ஏழை?' என்று அளந்து பார்க்கும் கணக்கு அங்கே மிக விரிவாக வளர்ந்தது. அந்தக் கணக்கின் வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

1930-ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் பரவியது. அமெரிக்காவில் அதிபர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் 1935-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் நாள் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தந்தையை இழந்த அல்லது தந்தையால் கைவிடப்பட்ட பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு உதவித் தொகை கொடுக்க அந்தச் சட்டம் வழி செய்தது. நடுவண் அரசு ஒரு பங்கும் மாநில அரசு ஒரு பங்கும் போட்டன. யாருக்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1939-இல், அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. குடும்பத்தின் தேவையைக் கணக்கிடும்போது, அந்தக் குடும்பத்துக்கு வரும் வேறு வருமானம் எல்லாவற்றையும் மாநிலங்கள் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆயிற்று? உதவி பெறும் ஒரு தாய் துணி வெளுத்துப் 10 டாலர் சம்பாதித்தால், உதவித் தொகையில் 10 டாலர் குறைந்தது. வேலைக்குப் போன பேருந்துக் காசு கைநட்டம். உழைத்தவள் உழைக்காதிருந்தபோது இருந்ததைவிட ஏழையானாள்.

இந்தக் கொடுமையை முதலில் உணர்ந்து விலக்கு அளித்தது பார்வையற்றவர்களுக்குத்தான். 1950-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பயனாக, பார்வையற்ற ஒருவர் உழைத்துச் சம்பாதிக்கும் பணத்தில் மாதம் முதல் 50 டாலரைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்ற விதி, 1952 முதல் எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்தியது. 'சம்பாதித்ததில் ஒரு பகுதியை எண்ணாமல் விடுவது' என்ற எண்ணம் இவ்வாறு சட்டத்தில் கால் ஊன்றியது. அதே 1950-இல்தான், உதவி பெறுவோருக்கு வைத்தியம் செய்யும் மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் அரசு நேரடியாகப் பணம் செலுத்தினால், அதிலும் நடுவண் அரசு பங்கு ஏற்கும் என்ற ஏற்பாடும் வந்தது.

பின்னர் 1962-இல், அதிபர் கென்னடி காலத்தில், வேலை செய்வதற்கென்றே ஆகும் செலவுகளை வருமானத்திலிருந்து கழிக்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டது. வரி, பேருந்துச் செலவு, வேலைக்கு வேண்டிய உடுப்பு முதலியன இதில் அடங்கின. கைக்கு வந்து சேராத பணத்தை வருமானம் என்று சொல்லக் கூடாது என்ற நியாயம் இங்கே ஏற்கப்பட்டது.

இனி மருத்துவ உதவித் திட்டத்துக்கு வருவோம். 1965-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் மிசூரி மாநிலத்திலுள்ள இண்டிபெண்டன்ஸ் நகரில், முன்னாள் அதிபர் ட்ரூமன் அருகில் இருக்க, அதிபர் லிண்டன் ஜான்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் வழியாக இரண்டு திட்டங்கள் பிறந்தன. முதியோருக்கான திட்டத்துக்கு மெடிக்கேர் என்று பெயர். ஏழைகளுக்கான திட்டத்துக்கு மெடிக்கெய்ட் என்று பெயர். மெடிக்கெய்ட் திட்டத்தில் சேருவது மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. கடைசியாக அரிசோனா மாநிலம் 1982-இல்தான் இதுபோன்ற திட்டத்தைத் தொடங்கியது.

மெடிக்கெய்ட் என்னும் வீட்டுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. முதல் வாசல், உதவித் தொகை பெறும் குடும்பங்களுக்கு உரியது. உதவித் தொகை கிடைத்தால் மருத்துவ அட்டையும் தானாகவே கிடைத்துவிடும். உதவித் தொகை போனால் மருத்துவ அட்டையும் பெரும்பாலும் போய்விடும். இந்தக் கட்டு மிக முக்கியமானது. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் இதுவே காரணம்.

இரண்டாம் வாசல், வருமானம் கோட்டுக்கு மேலே இருந்தாலும் நோய்ச் செலவால் நொடித்துப்போன குடும்பங்களுக்கு உரியது. 1960-இல் கெர்–மில்ஸ் சட்டம் என்று அழைக்கப்பட்ட சட்டம் முதியோருக்காக இதைத் தொடங்கியது. 1965-இன் சட்டம் பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்கும் பார்வையற்றோருக்கும் உடற்குறை உடையோருக்கும் இதை விரித்தது. இந்த வாசலைத் திறப்பதும் மூடி வைப்பதும் மாநிலத்தின் விருப்பம். இதன் கணக்கு எப்படி என்பதைப் பார்ப்போம். சிலேட்டோ காகிதமோ பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாநிலத்தில் எல்லைக் கோடு மாதம் 300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்தின் கணக்குக்குரிய வருமானம் 360 டாலர். கோட்டுக்கு மேலே 60 டாலர் நிற்கிறது. மாநிலம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்குப் பார்க்கிறது என்றால், 60-ஐ ஆறால் பெருக்க 360 டாலர் வரும். அந்த ஆறு மாதத்தில் 360 டாலர் அளவுக்கு மருத்துவச் செலவு ஏற்பட்டது என்று குடும்பம் காட்ட வேண்டும். காட்டியதும், எஞ்சிய நாட்களுக்கு மருத்துவ அட்டை கிடைக்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பணத்தைக் கட்டி முடித்திருக்க வேண்டும் என்பதில்லை. கட்ட வேண்டிய கடனாக நின்றாலும் அந்தச் சீட்டு கணக்கில் சேரும். ஆறு மாதம் முடிந்ததும் கணக்கு மறுபடியும் சுழியிலிருந்து தொடங்கும். ஆகவே நீண்டகால நோயாளி உள்ள வீட்டில் ஆண்டுக்கு இரண்டு முறை ஏழை என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

இந்த இரண்டாம் வாசலையும் சிறிது காலத்திலேயே குறுக்கிவிட்டார்கள். 1966-இல் நியூயார்க் மாநிலம், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 டாலர் என்று கோட்டை உயர்த்தி வைத்தது. செலவு பெருகிவிடும் என்று நடுவண் அரசு அஞ்சியது. உதவித் தொகை அளவின் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல், அதாவது நூற்றுக்கு 133 பங்கு அளவுக்கு மேல், கோட்டை வைக்கும் மாநிலத்துக்கு நடுவண் அரசின் பங்கு கிடைக்காது என்று 1967-இல் சட்டம் செய்தார்கள்.

அதே 1967-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் வாசலில் ஒரு நன்மையும் செய்தது. உதவி பெற்றுக்கொண்டிருக்கும் தாய் வேலைக்குப் போனால், அவள் சம்பளத்தில் முதல் 30 டாலரையும், மீதியில் மூன்றில் ஒரு பங்கையும் எண்ணாமல் விட வேண்டும் என்பதே அது. 1969 ஜூலை முதல் எல்லா மாநிலங்களும் இதைப் பின்பற்ற வேண்டியதாயிற்று. உழைப்பவள் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும் என்பது இதன் நோக்கம்.

கழிவுக்கு முன்னால் இன்னொரு கேள்வியும் உண்டு. யாருடைய வருமானத்தை எண்ணுவது? அலபாமா மாநிலத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு தாய்க்கு ஓர் ஆடவரோடு தொடர்பு இருந்தால், அவரைப் பிள்ளைகளின் தந்தை ஸ்தானத்தில் வைத்து உதவியை நிறுத்திவிடுவார்கள். அவர் பிள்ளைகளுக்கு ஒரு காசு கொடுத்தாரா என்று பார்ப்பதில்லை. 1968-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த விதி செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வராத பணத்தை வந்ததாக எழுதக் கூடாது என்பதே அதன் சாரம்.

இப்போது இந்த வரலாற்றின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம். 1981-ஆம் ஆண்டு. அதிபர் ரொனால்ட் ரீகன் பதவியேற்ற முதல் ஆண்டு. அரசுச் செலவைக் குறைப்பதற்கான பெரிய சட்டம் ஒன்று அந்த ஆகஸ்ட் மாதம் நிறைவேறியது. வேலைக்குப் போகும் குடும்பங்கள் தம் காலில் நிற்க வேண்டும், வேறு வழியே இல்லாதவர்களுக்குத்தான் உதவி போய்ச் சேர வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். அந்தச் சட்டம் கழிவுகளில் கை வைத்தது. வேலைச் செலவு எவ்வளவு ஆனாலும் 75 டாலர்தான் கழிக்கலாம். பிள்ளைப் பராமரிப்புக்கு ஒரு பிள்ளைக்கு 160 டாலர்தான் உச்ச அளவு. முப்பது டாலர், மூன்றில் ஒரு பங்கு என்ற கழிவு நான்கு மாதத்துக்குத்தான். அதுவும் மற்றக் கழிவுகள் போன பிறகு எஞ்சிய தொகையில்தான். இவற்றுக்கெல்லாம் மேலாக, பிடித்தம் எதுவும் பாராமல், மொத்த வருமானம் மாநிலம் வகுத்த தேவை அளவின் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் உதவியே இல்லை.

மறுபடியும் சிலேட்டை எடுப்போம். ஒரே பிள்ளையுடைய ஒரு விதவைத் தாய் மாதம் 450 டாலர் சம்பாதிக்கிறாள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மாநிலத்தின் கோடு 300 டாலர். வரி, பேருந்து, உணவு என்று வேலைச் செலவு 90 டாலர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள 60 டாலர்.

1981-க்கு முந்திய கணக்கு இது. 450-இல் முதல் 30 போக 420. அதில் மூன்றில் ஒரு பங்கு 140 போக 280. வேலைச் செலவு 90, பிள்ளைச் செலவு 60, இரண்டும் போக 130. கோடு 300. அவள் கோட்டுக்கு மிகவும் கீழே இருக்கிறாள். உதவியும் உண்டு, மருத்துவ அட்டையும் உண்டு.

புதிய கணக்கில் முதல் நான்கு மாதம் எப்படி? மொத்த வருமானம் 450. கோட்டின் ஒன்றரை மடங்கும் 450. விளிம்பில் தப்பிவிட்டாள். 450-இல் 75 போக 375. பிள்ளைச் செலவு 60 போக 315. அதில் 30 போக 285. அதில் மூன்றில் ஒரு பங்கு 95 போக 190. இன்னும் கோட்டுக்குள்தான் இருக்கிறாள். உதவித் தொகை குறைந்தது, ஆனால் அட்டை இருக்கிறது.

ஐந்தாம் மாதம் என்ன ஆகிறது? முப்பதும் இல்லை, மூன்றில் ஒரு பங்கும் இல்லை. கணக்கு 315-இல் நின்றுவிடுகிறது. கோட்டுக்கு மேல் 15 டாலர். உதவி நின்றது. அந்த மாநிலத்தில் இரண்டாம் வாசலும் இல்லையென்றால், உதவியோடு சேர்ந்து மருத்துவ அட்டையும் போயிற்று.

நேயர்களே, நன்றாகக் கவனியுங்கள். அந்தத் தாயின் சம்பளம் ஒரு காசுகூட உயரவில்லை. பேருந்துக் கட்டணம் குறையவில்லை. பிள்ளையின் இருமல் நிற்கவில்லை. மாறியது கழித்தல் கணக்கு ஒன்றுதான். 130 என்று எழுதிய இடத்தில் 315 என்று எழுதினார்கள். அதற்குள் ஒரு குடும்பம் ஏழைகளின் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது.

இப்படி விலக்கப்பட்டவை சில லட்சம் குடும்பங்கள். வேலையை விட்டுவிட்டு அவர்கள் உதவிக்கே திரும்பி வருவார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். பிறகு நடந்த ஆய்வுகள் வேறு உண்மையைக் காட்டின. பெரும்பாலோர் வேலையை விடவில்லை. தொடர்ந்து உழைத்தார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு எந்த மருத்துவக் காப்பும் இல்லாமற் போனது. குறைந்த சம்பள வேலைகளில் முதலாளியின் காப்புறுதி பலருக்குக் கிடைப்பதில்லை. உழைப்பை விடாதவர்கள் மருந்தை விட வேண்டி வந்தது.

இந்தத் தவற்றைக் காங்கிரஸ் சபையே படிப்படியாகத் திருத்தியது. 1984-இல், கழிவு முடிந்ததால் உதவி இழக்கும் குடும்பங்களுக்கு மேலும் ஒன்பது மாதம் மருத்துவ அட்டை உண்டு என்று ஆக்கினார்கள். 30 டாலர் கழிவையும் ஓராண்டு வரை நீட்டினார்கள். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வேலைச் செலவுக் கழிவை 90 டாலராகவும், பிள்ளைப் பராமரிப்புக் கழிவை 175 டாலராகவும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 200 டாலராகவும் உயர்த்தியது. வேலை கிடைத்துக் கோட்டைத் தாண்டும் குடும்பத்துக்கு ஓராண்டு வரை மருத்துவ உதவி தொடரவும் அது வழி செய்தது.

1996-இல் அதிபர் கிளிண்டன் காலத்தில் பழைய உதவித் தொகைத் திட்டமே நீக்கப்பட்டு வேறொன்று வந்தது. அப்போது உதவித் தொகைக்கும் மருத்துவ அட்டைக்கும் இருந்த கட்டு அவிழ்க்கப்பட்டது. உதவித் தொகை நின்றாலும் மருத்துவத் தகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. சட்டம் சொன்னாலும் அலுவலகங்கள் பல இடங்களில் அப்படிச் செய்யவில்லை. பழைய வழக்கப்படி இரண்டையும் சேர்த்தே நிறுத்தினார்கள். தவறாக நீக்கப்பட்டவர்களைத் தேடி மறுபடியும் சேர்க்குமாறு 2000-ஆம் ஆண்டில் நடுவண் அரசு மாநிலங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று. தமக்கு உரிமை உண்டு என்று அறியாத குடும்பங்கள் இடைக்காலத்தில் மருந்தில்லாமல் இருந்தன.

பெரிய மாற்றம் 2014-இல் வந்தது. அதிபர் ஒபாமா 2010-இல் கையெழுத்திட்ட மருத்துவக் காப்புச் சட்டத்தின்படி, குடும்பங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய பழைய கழிவுகள் நீங்கின. வருமான வரிக் கணக்கை ஒட்டிய ஒரே முறை வந்தது. வறுமைக் கோட்டின் அளவில் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் எல்லாருக்கும் பொதுவாகக் கழிக்கப்படும். சட்டத்தில் 133 என்று எழுதிய எல்லை, இந்த ஐந்தும் சேர்ந்து 138 ஆயிற்று. பழைய கழிவுகளின் மதிப்பைக் கணித்து, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இருந்த எல்லைக் கோடுகளை அதற்கேற்ப மாற்றி அமைத்தார்கள். வளர்ந்தவர்களுக்கு இந்த விரிவை ஏற்பது மாநிலங்களின் விருப்பம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2023 முடிவதற்குள் 40 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் ஏற்றிருந்தன.

இந்த மாற்றத்தால் விண்ணப்பம் எளிதாயிற்று. பேருந்துச் சீட்டும் பிள்ளை பார்ப்பவர் கொடுத்த இரசீதும் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. அதே வேளையில் ஓர் இழப்பும் உண்டு. பாட்டி வீட்டில் இருந்து பேரனைப் பார்த்துக்கொள்ளும் குடும்பமும், சம்பளத்தில் பாதியைப் பிள்ளைப் பராமரிப்புக்குக் கொடுக்கும் குடும்பமும், சம்பளம் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றன. விரிவான கணக்கில் நியாயம் கூடுகிறது, தொல்லையும் கூடுகிறது. எளிய கணக்கில் தொல்லை குறைகிறது, நுணுக்கமும் குறைகிறது.

முதியோருக்கும் உடற்குறை உடையோருக்கும் பழைய முறைதான் இன்றும் இருக்கிறது. 1974-இல் தொடங்கிய உதவித் திட்டம் ஒன்றில் அவர்களுக்குப் பொதுக் கழிவு 20 டாலர், உழைப்பு வருமானத்தில் 65 டாலரும் மீதியில் பாதியும் கழிவு. மாதம் 265 டாலர் சம்பாதித்தால் 20-ம் 65-ம் போக 180, அதில் பாதி 90 மட்டுமே எண்ணப்படும். பெரும்பாலான மாநிலங்களில் இந்த உதவி கிடைப்பவருக்கு மருத்துவ அட்டையும் கிடைக்கும். நல்ல கழிவுதான். ஆனால் அந்த 20-ம் 65-ம் அன்று எழுதிய அதே எண்கள். அதற்குள் அந்நாட்டில் விலைவாசி ஆறு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. சட்டத்தை யாரும் மாற்றாமலேயே கழிவு ஆண்டுதோறும் தேய்ந்து வருகிறது.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். உதவிக்கான கோடு எவ்வளவு என்று கேட்பது மட்டும் போதாது. கோட்டோடு ஒப்பிடும் முன் எதை எதைக் கழிக்கிறார்கள், யாருடைய சம்பளத்தைச் சேர்க்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். எந்த நாட்டில் எந்த விண்ணப்பத் தாளை நிரப்பினாலும், 'மொத்த வருமானமா, பிடித்தம் போக உள்ளதா?' என்று கேட்ட பிறகே எண்ணை எழுத வேண்டும். சம்பளச் சீட்டையும் மருந்துச் சீட்டையும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழைப்போலப் பத்திரமாக வைக்க வேண்டும். ஒருமுறை 'தகுதி இல்லை' என்று பதில் வந்தால், எந்தக் கணக்கில் அப்படி வந்தது என்று மரியாதையோடு கேட்கத் தயங்கக் கூடாது.

நம் பிள்ளைகள் பள்ளியில் கழித்தல் கணக்குப் படிக்கிறார்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் அவர்கள் அதைப் படிக்க வேண்டாம். கடல் கடந்த ஒரு நாட்டில், எதைக் கழிப்பது என்று முடிவு செய்தவர்கள் ஒரு பக்கமும், அந்த முடிவால் மருந்து பெற்றவர்களும் இழந்தவர்களும் மறு பக்கமுமாக நின்றார்கள். கணக்கு அறிந்தவர்கள் நடுவில் நின்று கேள்வி கேட்டபோதுதான் விதிகள் திருந்தின. அப்படிக் கேட்கத் தெரிந்தவர்களாக நம் பிள்ளைகளை வளர்ப்போம்.